கொடையும் வேலியும்

ஒருவன் தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? ஒழுக்கவியலில் இது புதிய வினா அன்று. கடனைக் கேட்கலாம். குத்தகைக்கு விட்டதைத் தவணை முடிந்ததும் கேட்கலாம். இரவலாகக் கொடுத்த புத்தகத்தையும் கேட்கலாம். அது திரும்பி வருவதில்லை என்பது வேறு விஷயம். கொடையைக் கேட்கலாமா என்றால், கூடாது என்று எவரும் தயங்காமற் சொல்வர். தயக்கம் பிறப்பது அடுத்த வினாக்களிலேதான். கொடுத்தவன் தன் இலாபத்தை எண்ணியே கொடுத்திருந்தால் அது கொடையாகுமா? கொடுக்கப்பட்ட பொருள் முற்றிலும் அவனுடையதாகவே இல்லாதிருந்தால் என்ன செய்வது? பெற்றவர்கள் அதன்மேல் வீடு கட்டிக் குடியேறி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், உறுதியில் ஒரு சொல் குறைகிறது என்று கூறி வேலியடைக்க வந்தால் அதனை நியாயம் என்பதா?

வெறும் தருக்கப் பயிற்சிக்காக நாம் இவ்வினாக்களை எழுப்பவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் இவ்வினாக்கள் அத்தனையும் ஒருங்கே எழுந்தன. எழுந்த இடம் நம் வாசகர் பலரும் எதிர்பாராதது: கற்பனைப் பாத்திரங்களை ஏற்று மேசையைச் சுற்றியிருந்து ஆடும் ஒரு விளையாட்டு. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். நிலவறைகளும் டிராகன்களும் என்று பொருள் கொள்ளலாம். விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சமுதாயம் எதனைச் சொத்து என்று கருதுகிறது என்பதை அதன் தொழிற்சாலைகளில் மட்டுமன்றி அதன் விளையாட்டுகளிலும் காணலாம். சிலவேளை அங்கேதான் தெளிவாகக் காணலாம்.

அறியாதவர்க்கு இவ்விளையாட்டின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நால்வரோ ஐவரோ மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவர். மற்றையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, மற்றொருவர் பூட்டுத் திறக்கத் தெரிந்த கள்வன். "பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ முனகும் சத்தம்" என்று நடுவர் கூறுவார். "நான் உள்ளே போகிறேன்" என்பார் ஒருவர். "நான் சுவரேறிப் பார்க்கிறேன்" என்பார் இன்னொருவர். முயற்சி பலித்ததா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அடுத்து நிகழ்வதை நடுவர் சொல்ல, கதை வளரும். சதுரங்கத்தைப்போல இதற்குப் பலகை இன்றியமையாததன்று. வெற்றி தோல்வி என்ற முடிவும் இல்லை. ஒரே கூட்டத்தார் வாரந்தோறும் கூடி ஆண்டுக்கணக்காக ஒரே கதையை ஆடுவதும் உண்டு.

கடையில் விற்கப்படுவது விதிநூல். ஆனால் விதிநூல் விளையாட்டு அன்று. நாவலை வாங்குபவன் முடிந்த ஒரு படைப்பை வாங்குகிறான்; அவன் வாசிக்காவிட்டாலும் கதாநாயகி மூன்றாம் அதிகாரத்தில் இறந்தே தீருவாள். இங்கோ, வாங்குபவன் உழைக்காதவரை கதையே இல்லை. ஊர்களுக்குப் பெயரிடுபவன் அவன். அரசர்களுக்குப் பகையை உண்டாக்குபவன் அவன். சத்திரக்காரியின் பேச்சுக்குச் சாயல் கொடுப்பவனும் அவனே. வாடிக்கையாளன் உற்பத்தியாளனாகவும் இருக்கின்ற பண்டங்கள் முதலாளித்துவச் சந்தையில் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

இதன் தோற்றமும் பலர் கைப்பட்டதே. பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ப் பயிற்சிக்காக ஆடிய ஆட்டத்தில் நடுவர் என்னும் பதவி இருந்தது. 1969ஆம் ஆண்டளவில் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கும் ஓர் ஆட்டத்தைத் தம் நண்பர்களிடையே நடத்தினார். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன் அதனைக் கற்பனை உலகொன்றிற்குக் கொண்டுசென்றார். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், ஜெவ் பெரன் என்பவருடன் சேர்ந்து மத்தியகாலப் போருக்கான விதிகளை 1971இல் வெளியிட்டிருந்தார். ஆர்னெசனும் கைகாக்ஸும் இணைந்து எழுதியதே 1974இல் ரி.எஸ்.ஆர். என்னும் சிறு கம்பனி வெளியிட்ட மூன்று சிறு நூல்கள். முதற் பதிப்பு 1,000 பிரதிகள். ஒரு பெட்டி 10 டொலர். பெட்டிகளை வீட்டிலிருந்தே கையால் நிரப்பினார்கள்.

அந்த மூன்றாவது நூலின் முடிவுரையில் ஒரு வியப்பு இருக்கிறது. ஐயம் எழுந்தால் எங்களுக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் உங்கள் கற்பனையை உங்களுக்காக நாங்கள் ஏன் செய்துதர வேண்டும், நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். விற்பவனே வாங்குபவனிடம் 'இனி நான் தேவையில்லை' என்று சொல்லும் பண்டம் சந்தையில் நெடுங்காலம் அப்படியே இருந்துவிட முடியுமா? முடியவில்லை. விற்பனை பெருகியது. 1977க்கும் 1979க்கும் இடையில் விரிவான புதிய விதிநூல்கள் வெளிவந்தன. எல்லா மேசைகளும் ஒரே விதியை ஒழுகவேண்டும், கம்பனியின் முத்திரை பெற்றதே சரியானது என்ற குரல் ஓங்கியது. புதிய நூல்களுக்குரிய உரிமைப்பணம் தமக்குத் தரப்படவில்லை என்று ஆர்னெசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் அது சமரசத்தில் முடிந்தது. இணைந்து ஆக்கியவர் என்ற தகுதி அவருக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆங்கில எழுத்தாளர் டொல்கினின் கதைகளிலிருந்து 'ஹொபிற்' முதலிய பெயர்களை முதற் பதிப்பு எடுத்தாண்டிருந்தது. உரிமையாளர் தரப்பிலிருந்து எச்சரிக்கை வரவே 1977 அளவில் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. அந்தக் குள்ளர்கள் வேறு பெயரோடு அதே நூலில் வாழ்ந்தார்கள். வேலியின் முள் தன் காலில் தைத்தபோது கம்பனி கற்ற பாடம் வேலி தீது என்பதன்று. தனக்கும் ஒரு வேலி வேண்டும் என்பதே. 1990களில் ஆட்டக்காரர்கள் தாம் புனைந்தவற்றைக் கணினி வலைகளில் ஒருவரோடொருவர் பகிரத் தொடங்கியபோது, அதே கம்பனி அவர்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. பலருடைய கற்பனையிற் பிறந்து பலருடைய கற்பனையால் வாழும் ஒன்றுக்கு ஒருவரே உடைமையாளர் என்ற நிலை இவ்வாறு படிப்படியாக உருவாயிற்று.

ரி.எஸ்.ஆர். கம்பனி கடனில் மூழ்கி, அச்சகத்துக்குப் பணம் கொடுக்க இயலாது, 1997இல் 'விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ற்' என்னும் கம்பனிக்கு விற்கப்பட்டது. அதனை 1999இல் 'ஹாஸ்ப்ரோ' என்னும் பெரிய விளையாட்டுப்பொருட் கம்பனி வாங்கியது. நமது விசாரணைக்குரிய கொடை 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. புதிய பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்து, எவரும் அவற்றைப் பயன்படுத்தித் தம் நூல்களை எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம், ஒரு சதமும் தரவேண்டியதில்லை என்று கம்பனி ஓர் அனுமதிப்பத்திரத்தை வெளியிட்டது. 'திறந்த விளையாட்டு அனுமதிப்பத்திரம்' என்று அதனை அழைத்தார்கள். அதன் நான்காம் பிரிவு, இவ்வனுமதி நிரந்தரமானது, உலகெங்கும் செல்லுபடியாவது, கட்டணமற்றது என்றது. ஒன்பதாம் பிரிவு, பத்திரத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட' எந்த வடிவத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்றது. நாளை நீங்கள் பத்திரத்தை மாற்றிவிட்டால் எங்கள் கதி என்ன என்று கேட்டவர்களுக்குக் கம்பனி தானே வெளியிட்ட கேள்வி பதில்களில் விடை இருந்தது: புதியது பிடிக்காவிட்டால் பழையதையே பயன்படுத்தலாம்.

இத்திட்டத்தை முன்னின்று நடத்திய ரையன் டான்சி தம் நோக்கங்களை மறைத்தவரல்லர். பிறர் எத்தனை நூல் எழுதினாலும் அவற்றை ஆடுவதற்கு அடிப்படை விதிநூல் வேண்டும். அதனை விற்பவர்கள் தாங்களே. ஆதலால் பிறருடைய உழைப்பெல்லாம் தங்கள் விற்பனையைப் பெருக்கும் என்பது அவர் கணக்கு. கூடவே வேறொரு நோக்கத்தையும் அவர் கூறியிருக்கிறார். ஒரு கம்பனி முறிந்தால் அதனோடு இவ்விளையாட்டும் புதைந்துவிடும் நிலை 1997இல் ஏற்பட்டதல்லவா, அது இனி ஏற்படக்கூடாது என்பது. இலாபமும் பொதுநலமும் இங்கு ஒரே கையெழுத்தில் கலந்து கிடக்கின்றன. கம்பனிக்குள்ளேயே இருந்துகொண்டு கம்பனியின் கைக்கெட்டாத இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட முயன்ற மனிதர் என்ற வகையில் அவர்மீது நமக்கு ஒருவித மதிப்பு உண்டு.

இலாபம் கருதிச் செய்ததைக் கொடை என்று கூறலாமா என்ற முதல் ஐயத்தை இனிக் கவனிக்கலாம். ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற் 1785இல் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரனை உதாரணம் காட்டுகிறார். விலை அறியாத சிறுபிள்ளை வந்தாலும் அவன் எல்லாருக்கும் உரிய விலையையே சொல்கிறான். வியாபாரம் நிலைக்கவேண்டும் என்பதற்காகவே அவன் அவ்வாறு செய்கிறானாயின், அச்செயல் கடமைக்கு ஒத்ததாயினும் ஒழுக்கப் பெறுமதி உடையதன்று என்பது கான்றின் முடிவு. அதனை ஏற்றுக்கொள்வோம். ஆயினும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் நிலைமை வேறு. கடைக்காரனின் உள்ளம் எத்தகையதாயினும், சரியான விலையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுச் சென்ற பிள்ளையின் உரிமை அணுவளவும் குறைவதில்லை. "நான் உன்னிடம் நேர்மையாக நடந்தது என் இலாபத்துக்காகத்தான், ஆகவே மிச்சக் காசைத் தா" என்று அவன் பத்து நாள் கழித்துப் பிள்ளையின் வீட்டுக்கு வருவானாயின் ஊர் சிரிக்கும். கொடுப்பவனின் நோக்கம் அவனைப் புகழ்வதா இகழ்வதா என்பதைத் தீர்மானிக்கலாம். பெற்றவனின் உரிமையைத் தீர்மானிப்பது அதுவன்று. பெற்றவன் அந்த வாக்கை நம்பி என்ன செய்தான் என்பதே.

நம்பிச் செய்தவை கொஞ்சமல்ல. வீட்டு மூலையில் இருந்து எழுதியோர் பதிப்பாளரானார்கள். ஓவியர்கள், பிழை திருத்துவோர், தேசப்படம் வரைவோர் எனப் பலர் இதில் வயிறு வளர்த்தார்கள். 2008இல் வெளிவந்த நான்காம் பதிப்புக்குக் கம்பனி இறுக்கமான வேறோர் அனுமதிப்பத்திரத்தை எழுதியது. அதனை ஏற்க விரும்பாத 'பைசோ' என்னும் நிலையம், பழைய பத்திரத்தின் பலத்தில் பழைய விதிகளையே திருத்தி 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. சில காலம் அது விற்பனையில் மூலத்தையே முந்தியதாக வணிக ஏடுகள் கணித்தன. கம்பனியும் பாடம் படித்ததுபோலும். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016இல் அதன் அடிப்படை விதிகள் மீண்டும் பழைய திறந்த பத்திரத்தின்கீழ் வெளியிடப்பட்டன. விளையாட்டு முன்னெப்போதும் இல்லாதவாறு பரவியது.

பரவியதே வினையாயிற்று. 2022 டிசம்பரில் முதலீட்டாளர் கூட்டமொன்றில் கம்பனியின் தலைமை அதிகாரி, இந்தப் பெயரிலிருந்து எடுக்கக்கூடிய பணம் இன்னும் போதிய அளவு எடுக்கப்படவில்லை என்ற கருத்தை வெளியிட்டார். அதே கூட்டத்தில் இன்னொரு விவரமும் வந்தது: ஆடுவோரில் நடுவர்கள் ஏறத்தாழ 20 வீதத்தினர், ஆனால் பணம் செலவிடுவோரில் பெரும்பகுதியினர் அவர்களே. நாம் இதனை மறுபடியும் வாசித்துப் பார்த்தோம். மேசையில் அதிகம் உழைப்பவன் நடுவன். கதையை முன்கூட்டியே அமைப்பவன், இரவு விழித்திருந்து தேசப்படம் வரைபவன் அவன். உழைப்பதற்காக அவனே பணமும் கட்டுகிறான். மற்றவர்களிடமிருந்து எப்படிப் பணம் பெறுவது என்பதே கூட்டத்தினரின் கவலையாக இருந்தது.

சில கிழமைகளில், 2023 ஜனவரி 5ஆம் திகதி, கம்பனி இரகசியமாக அனுப்பியிருந்த புதிய பத்திரத்தின் நகல் பத்திரிகையாளர் கையில் அகப்பட்டு வெளியாயிற்று. பழைய பத்திரம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அன்று என்றது அந்நகல். இந்த விளையாட்டுக்கு நூல் எழுதுவோர் ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் வரவு பெற்றாற் கணக்குக் காட்டவேண்டும். 750,000 டொலருக்கு மேற்படும் தொகையில் 25 வீதம் வரை கம்பனிக்குச் செலுத்தவேண்டும். இலாபத்தில் அல்ல, மொத்த வரவில் என்பதைக் கவனிக்குக. புத்தகத் தொழிலில் மொத்த வரவில் காற்பங்கு என்பது பலருக்கு இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. முப்பது நாள் அறிவித்தல் கொடுத்துப் பத்திரத்தை எக்காரணத்துக்காகவும் மாற்றவோ முடிக்கவோ கம்பனிக்கு அதிகாரம் உண்டு.

பழைய பத்திரம் 'நிரந்தரமானது' என்றது உண்மை. 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் மட்டும் அதில் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் பேச்செல்லாம் அந்தச் சொல்லின் இன்மையைச் சுற்றியே நிகழ்ந்தது. காணி உறுதி எழுதுவித்த எவரும் அச்சொல்லின் பெறுமதியை அறிவர். புதிய நகலை எழுதிய சட்டத்தரணிகளும் அறிந்தேயிருந்தார்கள். ஏனெனில் பிறர் எழுதும் நூல்களைக் கம்பனி தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று விதித்த பிரிவில், அவ்வுரிமை நிரந்தரமானது, கட்டணமற்றது, மீளப்பெற முடியாதது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். தான் கொடுத்ததில் காணாமற் போயிருந்த சொல்லைத் தான் வாங்குவதில் மறவாமற் சேர்த்துக்கொண்ட கைக்கு, மறதியைக் காரணமாகக் காட்டுதல் இயலாது. கம்பனியின் நல்லெண்ணத்தைப் பற்றி நடந்த விவாதங்களையெல்லாம் இந்த ஒரு பிரிவே முடித்துவைத்தது என்பது நம் அபிப்பிராயம்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் கேட்கவேண்டும். முதலாவது, கம்பனி பணம் முதலிட்டிருக்கிறது. அதன் பெயரால் பிறர் பணக்காரராவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பது. இதற்கு விடை 2000ஆம் ஆண்டின் கணக்கிலேயே உண்டு. பிறர் எழுதும் ஒவ்வொரு நூலும் தன் விதிநூலுக்கு ஒரு வாடிக்கையாளனைக் கொண்டுவரும் என்று எண்ணியே அது கதவைத் திறந்தது, எண்ணியது பலித்தது. பிறர் கொண்டுவந்த பயனைப் பெற்றுக்கொண்ட பிறகு அவர்கள் பெற்ற பயனை மட்டும் கடன் என்று எழுதுதல் கணக்கியலுக்கே பொருந்தாது.

இரண்டாவது வாதம் நம்மைப் போன்றோரைச் சிந்திக்க வைப்பது. இனத்துவேஷத்தையும் இழிவையும் பரப்பும் நூல்கள் இவ்விளையாட்டின் பேரில் வெளிவந்தால் தடுக்க அதிகாரம் வேண்டாமா என்று கம்பனி கேட்டது. கேள்வி பொய்யானதன்று. இந்த விளையாட்டின் பழைய நூல்களில் சில இனங்கள் பிறவியிலேயே தீயன என்று விதிக்கப்பட்டிருந்தன. எத்தனையோ பிள்ளைகள் அதனை ஒரு விதியாகவே கற்றார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்ல வந்தவர் யார்? 2022இல் இதே கம்பனி வெளியிட்ட ஒரு நூலில், ஒரு மந்திரவாதி குரங்கையொத்த உயிர்களைப் பிடித்து அறிவூட்டி அடிமைகளாக விற்க எண்ணினான் என்ற வரலாற்றோடு ஓரினம் சித்திரிக்கப்பட்டிருந்தது. கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிபடங்களை அது நினைவூட்டுவதை எடுத்துக்காட்டியவர்கள் வாசகர்களே. கம்பனி அந்த ஆண்டு செப்டெம்பரில் மன்னிப்புக் கேட்டுப் பகுதியை நீக்கியது. அந்த வாசகர்களின் கண்டனம் ஒழுக்கத்தைக் காத்தது. கம்பனியின் அதிகாரம் அன்று. ஒழுக்கக் காவலையும் வரி தண்டும் உரிமையையும் ஒரே பத்திரத்தில் ஒருவரே கேட்கும்போது, முதலாவது இரண்டாவதற்குத் திரையாகிறதோ என்று ஐயுறுவதில் தவறில்லை.

இதனினும் ஆழமான ஒரு கேள்வி உண்டு. கம்பனி கொடுத்த பொருள் எது? 1879ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. செல்டன் என்பவர் புதுவகைக் கணக்குப் பதிவு முறையொன்றை விளக்கி நூல் எழுதியிருந்தார். பேக்கர் என்பவர் அதையொத்த முறையில் கணக்கேடுகளை விற்றார். நூலின் வாசகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, நூல் விளக்கும் முறைக்கு இல்லை என்றது நீதிமன்றம். ஆட்டவிதிகளுக்கும் இதுவே பொருந்தும். இருபது முகத் தாயக்கட்டையை எறிந்து ஒரு தொகையைக் கூட்டுக என்னும் முறை எவருடைய சொத்தும் அன்று. அதனை விளக்கும் வாக்கியங்களும், சில பாத்திரங்களும் பெயர்களும், வியாபாரக் குறியுமே சொத்து. அப்படியாயின் 2000இல் கிடைத்த கொடையிற் பெரும்பகுதி, ஏற்கெனவே எல்லாருக்கும் உரியதாக இருந்ததைப் பயன்படுத்தும்போது வழக்குத் தொடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழியே. சிறு பதிப்பாளனுக்கு அதுவும் பெரிது. வழக்கில் நியாயம் தன் பக்கம் இருந்தாலும் வழக்காடப் பணம் இல்லாதவனுக்கு நியாயத்தால் என்ன பயன்? கொடுக்கப்பட்டது பெரும்பாலும் அச்சமின்மை. மீட்கப்பட இருந்ததும் அதுவே.

ஆங்கில நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் பாராளுமன்றச் சட்டங்களால் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் விரித்துரைப்பதை நம் வாசகர் அறிவர். அதனோடு இதனை ஒப்பிட்டோர் பலர். ஒப்புமை பொருத்தமானதே, ஒரு வேறுபாட்டை மறவாதவரை. மேய்ச்சல் நிலத்தில் ஒருவன் மாடு மேய்ந்தால் புல் குறையும். விதியை ஒருவன் பயன்படுத்துவதால் அது தேய்வதில்லை, ஆடுவோர் பெருகப் பெருக அதன் பெறுமதி பெருகுகிறது. நிலத்துக்கு வேலியிட்டவன் பற்றாக்குறையை ஒரு சாட்டாகவேனும் கூறலாம். இங்கே பற்றாக்குறையையே வேலிதான் உண்டாக்கவேண்டும். இன்னொன்று: வேலியை எதிர்த்து நின்றவர்கள் அனைவரையும் நிலமற்ற உழவராக எண்ணிக்கொள்வதும் பிழை. அவர்களிற் பலர் சிறு முதலாளிகள். எதிர்ப்பின் முன்னணியில் நின்று, எவராலும் மீட்கவியலாத புதிய பொதுப் பத்திரம் ஒன்றை எழுதுவிக்க முன்வந்த பைசோவின் ஊழியர்கள்தாம், 2021 அக்டோபரில் வேலை நிலைமைகளைக் கண்டித்துத் தொழிற்சங்கம் அமைத்தவர்கள். நிர்வாகம் அதனை அங்கீகரித்தது. கற்பனையின் சுதந்திரத்துக்காக வாதாடும் நிறுவனத்தில் எழுத்தாளனின் சம்பளத்துக்காகவும் வாதாடவேண்டியிருந்தது. மறுபக்கத்தில், பணம் போதவில்லை என்ற ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில் 1,100 பேரை வேலை நீக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டின் முற்பகுதியில் விலக்கப்பட்டோர் வேறு. அவர்களுள் இந்த விளையாட்டை ஆக்கியோரும் இருந்தார்கள்.

கம்பனி தோற்றது. தோற்கடித்தது நீதிமன்றம் அன்று. வழக்கு அங்கே போகவேயில்லை. ஆட்டக்காரர்கள் கம்பனியின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாக்களை நிறுத்தினார்கள். திருத்திய நகலொன்றை வெளியிட்டுக் கம்பனி அபிப்பிராயம் கேட்டபோது 15,000க்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். பழைய பத்திரத்தை நீக்குவதை 89 வீதத்தினர் ஏற்கவில்லை. ஜனவரி 27ஆம் திகதி பழைய பத்திரத்தைத் தொடமாட்டோம் என்று கம்பனி அறிவித்தது. அத்துடன் ஐந்தாம் பதிப்பின் 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அடிப்படை விதித் தொகுப்பை, 'கிரியேற்றிவ் கொமன்ஸ்' என்ற பொது அனுமதியின்கீழும் விட்டது. கம்பனியே நினைத்தாலும் இனி மீட்க முடியாத அனுமதி அது. 2025இல் திருத்திய விதிகளின் தொகுப்பும் அவ்வாறே வெளிவந்தது.

மீட்க முடியாததாக இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் ஆன இந்தக் கொடைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: எடுத்தாள்பவர் மூலத்தைக் குறிப்பிடவேண்டும். குறிப்பிடவேண்டிய வாசகத்தையும் கம்பனி வகுத்துத் தந்திருக்கிறது. பழைய பத்திரத்தின் பதிப்புரிமைக் குறிப்பில் தொகுப்பை எழுதியோரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கைகாக்ஸ், ஆர்னெசன் ஆகியோரின் மூல ஆக்கத்தை அடியொற்றியது என்ற வரியும் இருந்தது. வெஸ்லியின் பெயர் அதிலும் இல்லை. 2023இல் வகுக்கப்பட்ட வாசகத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது கம்பனியின் பெயர்.